சீரியலுக்கு நடுவே ஒரு சின்னம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொலைக்காட்சியில் வரும் கட்சி விளம்பரங்களைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே கொடுத்திருக்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு என் மாமியார் சீரியல் பார்க்கும்போது வரும் ஒரு கட்சியின் விளம்பரத்தில் ரேஷன் கடையும் மகளிர் குழுவும் காட்டப்படுகின்றன. ஒன்பது மணிக்கு என் கணவர் செய்திச் சேனலுக்கு மாற்றினால், அதே கட்சி நெடுஞ்சாலையையும் தொழிற்சாலையையும் காட்டுகிறது. இது தற்செயலா, திட்டமா?
*- ஒரு வாசகி, தஞ்சாவூர்*

திட்டம்தான். விளம்பரம் கொடுக்கும் எவரும், அந்த நேரத்தில் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்காகவே பணம் கொடுக்கிறார்கள். சோப்பு விற்பவர் செய்வதும் இதுவே, கட்சி செய்வதும் இதுவே. என்ன சொல்வது என்று முடிவெடுப்பது ஒரு வேலை. அதை யாருக்குச் சொல்வது, அவரை எந்தச் சேனலில், எத்தனை மணிக்குப் பிடிப்பது என்று முடிவெடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை நாம் எல்லோரும் பார்க்கிறோம், விமர்சிக்கிறோம். இரண்டாவது வேலை கட்சி அலுவலகத்துக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் இடையே ஓர் அட்டவணையாக முடிந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், ஒரு கட்சி தன் வாக்காளர்களைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பதைத் தேர்தல் அறிக்கையைவிட அந்த அட்டவணைதான் தெளிவாகச் சொல்லும். யாரை ஏற்கெனவே தன்னுடையவர் என்று கருதுகிறது, யாருக்காக மல்லுக்கட்டுகிறது, யாரிடம் பேசுவதே வீண்செலவு என்று முடிவுகட்டிவிட்டது என்பவை எல்லாம் அதில் ரூபாய்க் கணக்காக எழுதப்பட்டிருக்கும். நீங்கள் கவனித்த வேறுபாடும் அந்த அட்டவணையின் ஓர் ஓரம்தான்.

இந்த உத்தி எப்போது, எங்கே தொடங்கியது?
*- ஒரு வாசகர், காரைக்குடி*

1952-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். குடியரசுக் கட்சி வேட்பாளர் ஐசனோவருக்காக ரோசர் ரீவ்ஸ் என்ற விளம்பர நிபுணர் சிறு சிறு விளம்பரங்களைத் தயாரித்தார். சாதாரணக் குடிமகன் ஒருவர் கேள்வி கேட்பார், ஐசனோவர் ஓரிரு வரிகளில் பதில் சொல்வார், அவ்வளவுதான். பதில்களை ஒரே நாளில் ஸ்டூடியோவில் படமாக்கிவிட்டார்கள். கேள்வி கேட்டவர்களைப் பிறகு தனியாகப் படமெடுத்து இணைத்தார்கள்.

விளம்பரத்தின் உள்ளடக்கத்தைவிட அதை வைத்த இடம்தான் புதுமை. புகழ்பெற்ற நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பணம் செலவழித்து வேறு யாரோ கூட்டம் சேர்த்துவைத்திருக்கிறார்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளியை வாங்கிவிட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் சொற்பக் காசில் கிடைத்துவிடும் என்பது ரீவ்ஸின் கணக்கு. நாடு முழுவதும் பரப்பாமல், முடிவை மாற்றக்கூடியவை என்று கருதப்பட்ட 12 மாநிலங்களின் 49 மாவட்டங்களைக் குறிவைக்க வேண்டும் என்றும் அந்தத் திட்டம் சொன்னது.

எதிர்த்துப் போட்டியிட்ட அட்லாய் ஸ்டீவன்சன் நல்ல பேச்சாளர். அவர் அரைமணி நேரத்தை மொத்தமாக வாங்கிச் சொற்பொழிவாற்றினார். அதைத் தேடிச் சென்று பார்த்தவர்கள் பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே வாக்களிக்க இருந்தவர்கள். ஒருமுறை அவருடைய பேச்சு மக்கள் விரும்பிப் பார்த்த நகைச்சுவைத் தொடரின் நேரத்தைப் பிடித்துக்கொண்டபோது, அத்தொடரின் ரசிகர்களிடமிருந்து கோபக் கடிதம்தான் வந்தது. தங்களைத் தேடி வராதவர்களிடம் போய்ச் சேர்வது எப்படி என்பதை அன்றிலிருந்துதான் கட்சிகள் கற்றுக்கொள்ளத் தொடங்கின.

பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் என் மகன், தேர்தல் காலத்தில் தொலைக்காட்சியைத் திறக்கவே முடியவில்லை, எல்லாம் கட்சி விளம்பரம் என்கிறான். கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணன் மகளோ அதிபர் தேர்தல் விளம்பரம் ஒன்றைக்கூடப் பார்த்த நினைவில்லை என்கிறாள். ஒரே நாட்டில் ஏன் இப்படி?
*- ஒரு வாசகர், மயிலாப்பூர்*

இருவர் சொல்வதும் உண்மை. அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவை, மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகள்; வெற்றிக்கு 270 வேண்டும். 48 மாநிலங்களில், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கும் அம்மாநிலத்தின் அத்தனை தேர்வாளர் வாக்குகளும் போய்விடும். கலிபோர்னியா ஜனநாயகக் கட்சிக்குப் போகும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருப்பதால், அங்கே ஒருவரும் அதிபர் தேர்தலுக்காகப் பெருஞ்செலவு செய்ய மாட்டார்கள். பென்சில்வேனியா எப்பக்கமும் சாயக்கூடிய மாநிலம். ஆகவே பணம் அங்கே கொட்டுகிறது. அண்ணன் மகளின் வாக்கும் உங்கள் மகனின் வாக்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான். ஆனால் அவளிடம் பேச யாருக்கும் அவசரமில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்நாட்டைத் தொலைக்காட்சி விளம்பரத்துக்காக 210 சந்தைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தச் சந்தைகள் மாநில எல்லைகளை மதிப்பதில்லை. பாஸ்டன் நகர நிலையங்களின் ஒளிபரப்பு தெற்கு நியூ ஹாம்ப்ஷயருக்கும் போகிறது. சிறிய நியூ ஹாம்ப்ஷயரின் வாக்காளர்களைப் பிடிக்க, ஏற்கெனவே முடிவு தெரிந்த மாசசூசெட்ஸ் மக்கள் பார்ப்பதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. பிலடெல்பியா நிலையங்களில் வாங்கினால் நியூ ஜெர்சியின் தென்பகுதிக்கும் டெலவேருக்கும் சேர்த்துச் செலவு. இந்த வீண்செலவைக் குறைக்கத்தான் கேபிள் பக்கம் திரும்பினார்கள். கேபிள் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் விளம்பரத்தைச் செருக முடியும். ஒரு நகரத்தின் வடக்குப் புறநகருக்கு ஒன்று, தெற்குப் புறநகருக்கு வேறொன்று என்று காட்ட முடியும்.

எந்த நிகழ்ச்சியைப் பார்ப்பவர் எந்தக் கட்சிக்காரர் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? குறி சொல்வது போலத் தோன்றுகிறதே!
*- ஒரு வாசகர், ஈரோடு*

குறியும் இல்லை, ஆரூடமும் இல்லை. முழுக்க முழுக்கச் சலிக்காமல் செய்யும் கணக்கு வேலை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் படி, கருத்துக்கணிப்பு. அமெரிக்காவில் சந்தை ஆய்வு நிறுவனங்கள் பல்லாயிரம் பேரிடம் என்ன கார் வைத்திருக்கிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள், எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறீர்கள் என்று கேட்கும்போது, எந்தக் கட்சியின் பக்கம் சாய்வீர்கள், வாக்களிக்கப் போவதுண்டா என்றும் கேட்டுவைக்கின்றன. இந்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு அளவுகள் கிடைக்கின்றன. அதன் ரசிகர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பது ஒன்று. அவர்கள் வாக்குச்சாவடிக்குப் போகிறவர்களா என்பது மற்றொன்று. கோல்ஃப் பார்ப்பவர்களில் குடியரசுக் கட்சியினர் அதிகம், அவர்கள் தவறாமல் வாக்களிப்பவர்களும்கூட. கூடைப்பந்து பார்ப்பவர்கள் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்கிறார்கள். மல்யுத்தக் காட்சிகளைப் பார்ப்பவர்களும் ஜனநாயகக் கட்சியின் பக்கம்தான். ஆனால் அவர்களில் வாக்களிக்கச் செல்வோர் குறைவு. ஆகவே கூடைப்பந்துக்கு நடுவே வைக்கும் விளம்பரமும் மல்யுத்தத்துக்கு நடுவே வைக்கும் விளம்பரமும் ஒரே வேலையைச் செய்ய முடியாது. ஓரிடத்தில் மனத்தை உறுதிப்படுத்த வேண்டும், மற்ற இடத்தில் எழுந்து போய் வாக்களிக்கச் செய்ய வேண்டும்.

2004-இல் ஜார்ஜ் புஷ்ஷின் பிரசாரக் குழு இவ்வகைத் தகவல்களைக் கொண்டு கேபிள் சேனல்களில் கணிசமாகச் செலவழித்தது. உடற்பயிற்சிக் கூடங்களில் மாட்டியிருக்கும் தொலைக்காட்சிகளில்கூட விளம்பரம் கொடுத்தது. வாரநாள் மாலையில் சீரியல் பார்க்க வீட்டில் இல்லாத இளம் குடும்பத்தினரை அங்கேதான் பிடிக்க முடியும் என்று அவர்கள் கணித்தார்கள்.

இரண்டாவது படி, 2012-இல் ஒபாமாவின் குழு செய்தது. அதுவரை நிகழ்ச்சியின் ரசிகர்கள் என்ற கூட்டத்தைத்தான் பார்த்தார்கள். இவர்கள் தனித்தனி வாக்காளரிலிருந்து தொடங்கினார்கள். அங்கே வாக்காளர் பட்டியலில், ஒருவர் கடந்த தேர்தல்களில் வாக்களித்தாரா இல்லையா என்ற விவரம் இருக்கும் (யாருக்கு வாக்களித்தார் என்பது இருக்காது); பல மாநிலங்களில் அவர் எந்தக் கட்சியில் பதிவு செய்துகொண்டவர் என்பதும் இருக்கும். அதனோடு வீடு வீடாகவும் தொலைபேசியிலும் கேட்டறிந்ததைச் சேர்த்து, இவர் நமக்கு வாக்களிக்க எவ்வளவு வாய்ப்பு, இவர் மனத்தை மாற்ற எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டார்கள். மறுபக்கம், எந்த வீட்டின் செட்டாப் பாக்ஸ் எந்த விநாடியில் எந்தச் சேனலில் இருந்தது என்ற பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து தகவல் வாங்கினார்கள். இரண்டையும் மூன்றாம் தரப்பு ஒன்று பொருத்தி, பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுத்தது.

இப்போது ஒரு நாளைக் கால்மணி நேரமாகப் பிரித்தால் 96 துண்டுகள் வரும். சுமார் 60 சேனல்களுக்கும் இந்த 96 துண்டுகளையும் போட்டு, எந்தத் துண்டில் ஒரு டாலருக்கு மனம் மாறக்கூடிய வாக்காளர் அதிகம் கிடைக்கிறார் என்று கணினி கணக்கிட்டது. 'ஆப்டிமைசர்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். விடைகள் பழைய வழக்கத்துக்கு முற்றிலும் மாறாக இருந்தன. எல்லோரும் முண்டியடித்து வாங்கும் உள்ளூர் மாலைச் செய்தியைவிட, பழைய தொடர்களை நள்ளிரவில் மறுஒளிபரப்பு செய்யும் ஒரு சிறு கேபிள் சேனல் மலிவாகவும் பயனுள்ளதாகவும் இருந்தது. மயாமி பகுதியில் 35 வயதுக்குட்பட்ட பெண்களைப் பிடிக்க, நடைப்பிணங்களைப் பற்றிய 'தி வாக்கிங் டெட்' தொடரின் இடைவேளையை வாங்கினார்கள். அரசியல்வாதி எவரும் தன் முகத்தை அங்கே வைக்க நினைத்திருக்க மாட்டார். இம்முறையால் தங்கள் தொலைக்காட்சிச் செலவு 14 சதவிகிதம் கூடுதல் பயன் தந்ததாக அக்குழுவினர் பிறகு கூறினார்கள்.

இதற்கு உதவிய ஒரு சட்ட நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வேட்பாளரின் சொந்தப் பிரசாரக் குழுவுக்கு, பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாள்களிலும் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலுக்கு முந்தைய 45 நாள்களிலும், நிலையம் தன் மிகக் குறைந்த விலைக்கே நேரம் கொடுக்க வேண்டும். வேட்பாளருக்கு ஆதரவாகப் பணக்காரர்கள் நடத்தும் தனி அமைப்புகளுக்கு இச்சலுகை கிடையாது. ஒபாமாவின் பணம் பெரும்பாலும் அவருடைய குழுவிடமே இருந்தது. எதிர்த்து நின்ற மிட் ராம்னியின் தரப்பு வெளி அமைப்புகளைப் பெரிதும் நம்பியிருந்தது. ஆகவே அதே இடைவேளைக்கு ராம்னியின் தரப்பு கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது. எவ்வளவு பணம் இருக்கிறது என்பதோடு, அது யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியமாகிவிட்டது.

அப்படியானால் நாம் யாருக்கு வாக்களிப்போம் என்பதை நம் வீட்டு செட்டாப் பாக்ஸே காட்டிக்கொடுத்துவிடுமா?
*- ஒரு வாசகி, பாளையங்கோட்டை*

வாக்கு ரகசியம், அதைப் பெட்டி அறியாது. ஆனால் ஊகம் செய்வதற்கு வேண்டிய தடயங்கள் அதில் இருக்கின்றன. அமெரிக்காவில் 2014-இல் டைரக்டிவி, டிஷ் என்ற இரண்டு பெரிய செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனங்கள் கைகோத்து, சுமார் 2 கோடி வீடுகளில் வீட்டுக்கு வீடு வேறு அரசியல் விளம்பரம் காட்டும் வசதியைக் கட்சிகளுக்கு வழங்கத் தொடங்கின. ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் பார்க்கும் பக்கத்துப் பக்கத்து வீட்டார் இருவர், இடைவேளையில் வெவ்வேறு வாக்குறுதிகளைக் கேட்கலாம் என்பது இதன் பொருள்.

தனியுரிமையைப் பற்றிய உங்கள் கவலை சரியானது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பொதுக்கூட்டத்தில் ஒரு தலைவர் பேசினால் ஊரே கேட்கிறது. மறுநாள் டீக்கடையில் அதைப் பற்றி விவாதிக்கிறது. முன்பு சொன்னதற்கு முரணாக இருந்தால் யாராவது ஒருவர் எடுத்துக்காட்டுகிறார். வீட்டுக்கு வீடு வேறு பேச்சு என்றாகிவிட்டால், என்னிடம் கொடுத்த வாக்குறுதி உங்களிடம் கொடுத்ததற்கு நேர்மாறானது என்பது நம் இருவருக்குமே தெரியாமல் போய்விடும்.

தமிழ்நாட்டிலும் கட்சிகளால் இந்த அளவுக்குத் துல்லியமாகக் குறிவைக்க முடியுமா?
*- ஒரு வாசகர், திருச்சி*

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை முடியாது; காரணம் நாம் வைத்திருக்கும் அளவுகோல். இந்தியாவில் பார்வையாளர் எண்ணிக்கையைக் கணிப்பது பார்க் (BARC) என்ற அமைப்பு. 2020 வாக்கில் சுமார் 44,000 வீடுகளில் கருவி பொருத்தி, அவற்றைக் கொண்டு நாடு முழுவதற்கும் கணக்கிட்டார்கள். அவ்வீடுகள், குடும்பத்தின் முதன்மை வருவாய் ஈட்டுபவரின் படிப்பையும், 11 பொருள்கள் கொண்ட பட்டியலில் எத்தனை அவ்வீட்டில் இருக்கின்றன என்பதையும் வைத்து வகைப்படுத்தப்படுகின்றன. ஃபிரிட்ஜ் வைத்திருப்பது கணக்கில் வரும்; கட்சிச் சார்பு வராது. மேலும் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே சந்தையாகக் கருதப்படுகின்றன. ஒரு மக்களவைத் தொகுதியில் எந்த சீரியலுக்கு மவுசு என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

ஆகவே இங்கே குறிவைப்பது மொத்தமாகத்தான் நடக்கிறது. மாலை சீரியல் என்றால் பெண்கள், செய்தி விவாதம் என்றால் அரசியல் பேசும் ஆண்கள், இசைச் சேனல் என்றால் முதன்முறை வாக்களிக்கும் இளைஞர்கள் என்ற பழைய ஊகங்களை வைத்து வாங்குகிறார்கள். நுணுக்கத்துக்குப் பதிலாக எண்ணிக்கையை நம்புகிறார்கள். 2018 நவம்பர் 16-இல் முடிந்த வாரத்தில், நாட்டின் எல்லாச் சேனல்களையும் சேர்த்து மிக அதிக முறை விளம்பரம் கொடுத்தது பாரதிய ஜனதா கட்சி. பார்க் கணக்கின்படி 22,099 முறை. இரண்டாம் இடத்தில் இருந்த நெட்ஃப்ளிக்ஸ் 12,951 முறைதான்.

தொகுதி அளவில் பேச வேண்டிய வேட்பாளர்கள் நாடுவது உள்ளூர் கேபிள் சேனலை. பழைய படங்களுக்கும் கோயில் திருவிழா ஒளிபரப்புக்கும் அடியில் ஓடும் எழுத்து வரிகளையும், இடையிடையே வரும் வேட்பாளரின் கைகூப்பிய படத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய சேனலில் ஒருமுறை காட்டும் செலவில் இங்கே பல நாள் ஓட்டலாம். பார்ப்பவர் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். நம் நாட்டில் உண்மையிலேயே துல்லியமான தொலைக்காட்சி விளம்பரம் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். ஆய்வாளர்கள் இதைத் திரும்பிப் பார்க்காதது எனக்கு வருத்தம்.

பெரிய சேனல்களில் வரும் விளம்பரங்களில் கட்சித் தலைவரும் சின்னமும் மட்டுமே வருகின்றன. எங்கள் தொகுதி வேட்பாளர் பெயர் வருவதே இல்லை. ஏன்?
*- ஒரு வாசகர், தர்மபுரி*

ஒரே சந்தையில் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளும் அடங்கியிருக்கும்போது ஒருவரின் பெயரைச் சொல்வது மற்ற 38 தொகுதியினருக்கு வீண் என்பது ஒரு காரணம். செலவுக் கணக்கு இன்னொரு காரணம். 2022-இல் திருத்தப்பட்ட விதிப்படி பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாயும் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாயும்தான் செலவழிக்கலாம். கட்சிக்கு உச்சவரம்பு இல்லை. கட்சியைப் பொதுவாகப் புகழும் விளம்பரம் கட்சிக் கணக்கில் போகும். வேட்பாளரின் பெயரோ படமோ வந்தால் அவர் தலையில் விழும்.

கட்சிகளுக்கு நெருக்கமான சேனல்கள் பல உள்ள நம் மாநிலத்தில், எதிர்க்கட்சியின் விளம்பரத்தை ஒரு சேனல் மறுக்கலாமா?
*- ஒரு வாசகி, சேலம்*

அமெரிக்காவில் கூட்டாட்சிப் பதவிகளுக்குப் போட்டியிடும் வேட்பாளருக்கு ஒளிபரப்பு நிலையங்கள் நியாயமான அளவு நேரத்தை விற்றே ஆக வேண்டும். ஒருவருக்குக் கொடுத்தால் அவருடைய போட்டியாளருக்கும் அதே வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். விளம்பரத்தின் சொற்களில் கைவைக்கவும் கூடாது. இங்கே தனியார் சேனல்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. தூர்தர்ஷனிலும் வானொலியிலும் 1998 முதல் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு இலவச நேரம் ஒதுக்கப்படுகிறது. ஆனால் மக்கள் கூடியிருக்கும் இடம் தனியார் சேனல்கள்தான்.

1993-இல் சன் டிவி தொடங்கியதிலிருந்து ஜெயா டிவி, மக்கள் தொலைக்காட்சி, கலைஞர் தொலைக்காட்சி, கேப்டன் டிவி என்று ஒவ்வொரு முகாமும் தன் திரையை அமைத்துக்கொண்டதற்குக் காரணம், விளம்பர இடைவேளையை வாங்குவதைவிட நாள் முழுவதையும் கைவசம் வைத்திருப்பது மேல் என்று நம் தலைவர்கள் வெகுகாலம் முன்பே உணர்ந்துவிட்டதுதான். இதில் ஒரு குறை உண்டு. தன் கட்சிச் சேனலைத் தன் கட்சிக்காரர்தான் பார்க்கிறார். ஸ்டீவன்சனுக்கு நேர்ந்தது இதுவே. அதனால்தான் சொந்தச் சேனல் வைத்திருக்கும் கட்சிகளும் தேர்தல் நேரத்தில் பொழுதுபோக்குச் சேனல்களில் காசு கொடுத்து நேரம் வாங்குகின்றன.

வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சி விளம்பரம் கூடாது என்கிறார்கள். ஆனால் அப்போதும் பார்த்தேனே?
*- ஒரு வாசகர், நாகர்கோவில்*

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, வாக்குப்பதிவு நடக்கும் பகுதிக்குத்தான் இத்தடையை விதிக்கிறது. 2024-இல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு. நாட்டின் கடைசிக் கட்டம் ஜூன் 1-இல். தேசியச் சேனல் ஒன்று வேறு மாநிலத்துக்காக ஒளிபரப்பும் விளம்பரம் நம் வீட்டுத் திரைக்கும் வருகிறது. அலைவரிசையைத் தொகுதி எல்லையில் நிறுத்தச் சட்டத்துக்குக் கை இல்லை.

இவ்வளவு செலவு செய்து மனத்தை மாற்ற முடிகிறதா?
*- ஒரு வாசகர், விருதுநகர்*

முடிகிறது, ஆனால் நிலைப்பதில்லை. 2006-இல் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியின் பிரசாரக் குழு ஓர் அரிய காரியம் செய்தது. எந்தச் சந்தையில், எந்த வாரத்தில், எவ்வளவு விளம்பரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க ஆய்வாளர்களை அனுமதித்தது. 2011-இல் வெளியான முடிவுகளின்படி, விளம்பரம் ஓடிய வாரத்தில் ஆதரவு நன்றாகவே ஏறியது. ஓரிரு வாரத்துக்குள் அந்த ஏற்றம் கரைந்துபோனது. கட்சிகள் கடைசி நாள்களில் விளம்பரத்தைக் குவிப்பதற்கு இந்தக் கரைதலே விளக்கம். பாரதிய ஜனதா கட்சி 2018-இல் கொடுத்ததாக மேலே சொன்ன 22,099 விளம்பரங்களுக்குப் பிறகும், அந்த ஆண்டு டிசம்பரில் முடிவுகள் வந்தபோது ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் ஆகிய மூன்று மாநிலங்களில் அக்கட்சி ஆட்சியை இழந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரிட்டனில் போலக் கட்சி விளம்பரங்களை மொத்தமாகத் தடை செய்துவிட்டால் என்ன?
*- ஒரு வாசகி, கோயம்புத்தூர்*

பிரிட்டனில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்யத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் இடமில்லை. கட்சிகளுக்கு இலவச நேரம் மட்டும் உண்டு. இத்தடையை எதிர்த்து விலங்குரிமை அமைப்பு ஒன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2013-இல் ஒன்பதுக்கு எட்டு என்ற நூலிழை வித்தியாசத்தில் தடை நிலைத்தது. நம் நாட்டில் பாதை நேரெதிர்த் திசையில் சென்றது. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் அரசியல் விளம்பரத்துக்குத் தடை இருந்தது. ஆந்திர உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2004 ஏப்ரல் 13-இல் உச்ச நீதிமன்றம், தேர்தல் ஆணையம் அமைக்கும் குழுவிடம் முன்கூட்டியே சான்று பெற்றால் வெளியிடலாம் என்று வழிவகுத்தது.

தடை இனி இங்கே நடைமுறைக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. தொலைக்காட்சியில் அடைத்தால் பணம் கைபேசிக்குப் போகும். அங்கே கண்காணிப்பது இன்னும் கடினம். நான் கேட்பது வெளிப்படைத்தன்மை. அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையமும், அரசியல் விளம்பரத்துக்கு நேரம் வாங்கியவர் யார், எந்த நாள், எந்த நேரம், என்ன விலை என்பதைப் பொதுமக்கள் பார்க்கும் கோப்பில் வைக்க வேண்டும். பெரிய சந்தைகளின் முக்கிய நிலையங்கள் 2012 முதலும் மற்ற தொலைக்காட்சி நிலையங்கள் 2014 முதலும் அதை இணையத்திலேயே ஏற்றுகின்றன. இங்கேயும் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை முறை ஒளிபரப்பு, ஒவ்வொன்றுக்கும் என்ன கட்டணம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என விதி இருக்கிறது. கட்சிகளிடமே ஏற்கெனவே கேட்டு வாங்கப்படும் தகவல் அது. அதைச் சேனல், தேதி, நேரம் வாரியாகத் தேர்தல் நடக்கும்போதே இணையத்தில் ஏற்றினால், உங்கள் வீட்டு சீரியலின் இடைவேளைக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை நீங்களே பார்க்கலாம்.

நாங்கள் இதழியல் மாணவர்கள். இதைப் பற்றி ஒரு ஆய்வு செய்ய விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
*- மாணவர்கள் சிலர், மதுரை*

சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாள்களுக்குள்ளும் மக்களவைத் தேர்தல் முடிந்து 90 நாள்களுக்குள்ளும் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குச் செலவு அறிக்கை தர வேண்டும்; அவை ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். ஊடக விளம்பரத் தொகைகளை அங்கே காணலாம். எந்த நிகழ்ச்சியின் இடைவேளை என்பதை அறிய நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு சேனலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு பெரிய பொழுதுபோக்குச் சேனல், இரண்டு செய்திச் சேனல்கள், ஓர் இசைச் சேனல், கட்டாயமாக ஒரு உள்ளூர் கேபிள் சேனல். மாலை ஆறு முதல் பத்தரை வரை, தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்கள். ஒவ்வொரு கட்சி விளம்பரத்துக்கும் தேதி, மணி, நிமிடம், எந்த நிகழ்ச்சியின் நடுவே, எத்தனை விநாடி, காட்டப்படுபவர் ஆணா பெண்ணா, விவசாயியா மாணவரா, முதியவரா, என்ன வாக்குறுதி, யார் பெயரில் வெளியிடப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரமே வராத நேரங்களையும் நிகழ்ச்சிகளையும் அதே கவனத்தோடு குறியுங்கள்; எந்தக் கட்சியின் திரையிலும் ஒருமுறைகூடத் தலைகாட்டாத மக்கள் யார் என்பதைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பினால் இப்பகுதியிலேயே வெளியிட ஏற்பாடு செய்கிறேன்.